கல்லை நக்கியவர்

கடல் கடந்த கரும்புத் தீவில், சுதந்திரத்துக்கு முந்தைய மாயெபூரில், மதராஸிலிருந்து வந்த அந்தப் பாறை நிபுணர் எந்தக் கல்லையும் முதலில் நக்கித்தான் பார்ப்பார். தாடியெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

தன் நிலத்தடியில் எண்ணெய் இருப்பதாக நம்பிய என் மாமா, கரும்பாலை வேலையை விடும் கடிதத்தோடு நின்றார். நிலத்துப் பவளக்கல்லில் நிபுணரின் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"நாக்கு ஒட்டுதுன்னா கல்லுக்குள்ள துளை இருக்கு; நல்ல பானைங்க. பவளப்பூச்சி கட்டினதை அப்புறம் மழைத்தண்ணி அரிச்சு, உள்ளே எண்ணெய் தங்க இடம் பண்ணியிருக்கு."

"அலோர், அப்படின்னா எண்ணெய் இருக்கு, மிசியே?" என்றார் மாமா.

"பானைதான் இருக்கு. அடியில எரிமலைப் பாறை. அதுல எண்ணெய் ஊறாது."

"ஆயோ, இதுக்கா இவ்வளவு நக்கினீங்க?"

மாமா கடிதத்தைக் கிழித்தார். அடுப்பில் கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நிபுணர் ஆமென்று சொல்லியிருந்தால் அவருக்குத்தான் முதல் இலை. ஊர்க்கல்லையெல்லாம் நக்கிய நாக்கு, அந்தக் குழம்புக்கு மட்டும் ஏன் ஆசைப்படவில்லை என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.