போட்டி நின்றதற்கு நான் எழுதிய காரணம்

நாகர்கோவிலில் இப்போது வளரும் பிள்ளைகளிடம், எங்கள் ஊர் கிளப்பில் ஒரு காலத்தில் புல்தரை டென்னிஸ் போட்டி நடந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்த இடத்தில் இன்று சிமென்ட் தளம். அதன்மேல் கார்கள். கிளப்பின் விழா மலருக்காக அந்தப் போட்டியின் வரலாற்றை எழுதும் வேலை சென்ற வருடம் என்னிடம் வந்தது. மலர்க் குழுவின் தலைவர் என் மாமனார்.

"நீ படிச்ச பிள்ளல்லா மக்களே. ரெண்டு பக்கம் போதும். பழைய ஆளுவ வாசிச்சுச் சந்தோசப்படணும், அவ்வளவுதான்" என்றார்.

ஒத்துக்கொண்டேன். மறுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. மறுத்திருந்தால் வேறொருவர் இதைவிட மோசமாக எழுதியிருப்பார் என்றும் தோன்றுகிறது.

போட்டி தை மாதத்தில், பொங்கல் கழிந்து நான்கு நாள் நடக்கும். அதற்குள் மழை ஓய்ந்து தரை இறுகியிருக்கும். ஆடியில் வைத்தால் அடிக்கிற பந்தைக் காற்று ஆரல்வாய்மொழிக்கே கொண்டுபோய்விடும் என்று அப்பா சொல்வார். ரப்பர் எஸ்டேட் மானேஜர்கள் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வருவார்கள். டாக்டர்கள், கல்லூரி வாத்தியார்கள், வக்கீல்கள் எல்லோரும் ஆடுவார்கள். கோட்டாற்றில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் வெறுங்காலோடு ஆடுவார். மாலைத் தொழுகைக்கு நேரமானால் ராக்கெட்டை வலையில் சாய்த்துவிட்டுப் போவார். அவர் திரும்பி வரும்வரை எதிராளி பந்தைத் தொடாமல் சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருப்பார். ஜெயித்தவருக்கு வெள்ளிக் கோப்பையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துவிட்டு, கோப்பையை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு ஏத்தன் வாழைக்குலை கொடுப்பார்கள். கிளப்பின் செயலாளராக இருந்த என் அப்பா ஒரு வருடமும் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. ஆனாலும் மூன்றாவது நாளே எங்கள் வீட்டில் குலை தொங்கும். அவரே கடையில் வாங்கி வருவார்.

இத்தனைக்கும் அடியில் இருந்த புல்லைப் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு மனிதர். கிளப்புகளில் மைதானத்தைப் பராமரித்து, கோடு போட்டு, வலை கட்டி, ஆள் இல்லாத நேரத்தில் எதிரே நின்று ஆடியும் கொடுப்பவரை மார்க்கர் என்பார்கள். எங்கள் மார்க்கருக்குச் சுசீந்திரம் பக்கம் ஊர். அங்கே வயல் வரப்பிலிருந்து அருகம்புல் பறித்து வந்து, மைதானத்தில் வழுக்கை விழுந்த இடங்களில் குந்தியிருந்து நடுவார். "பந்து தவளையாட்டுத் துள்ளப்பிடாது, பாம்பாட்டு வழுக்கிட்டுப் போணும்" என்பார். தோல் செருப்போடு யாரும் உள்ளே கால்வைக்க முடியாது. கலெக்டர் ஒருவரே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றதாகக் கதை உண்டு.

அந்தப் புல்லின் மேல்தான் என் கல்யாண வரவேற்பு நடந்தது.

கேட்டது நான். மண்டபம் வேண்டாம், புல்வெளியில் விளக்குப் போட்டு எடுத்த படங்களை ஃபோனில் பார்த்திருக்கிறேன், அதுபோல வேண்டும் என்று மூன்று மாதம் பிடிவாதம் பிடித்தேன். அப்பா செயலாளர் என்பதால் அனுமதி சுலபமாகக் கிடைத்தது. மார்க்கர் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று கேட்டார்.

"எத்தன மண்டபம் கெடக்கு சார். மேடைய மட்டுமாவது வெளிய போடலாமே."

உள்ளேயிருந்து நான்தான் பதில் சொன்னேன். "ஒரு நாளுதானே. புல்லு மறுபடியும் வளரும்லா."

அந்த மாலை விருந்தில் இளநீர் ஐஸ்கிரீம் வைத்திருந்தோம். வந்தவர்களின் கண்ணெதிரே மரப் பீப்பாயில் சுற்றிக் கடைந்து கொடுப்பார்கள். பீப்பாயைச் சுற்றி உடைத்த ஐஸும் கல்லுப்பும் போட்டு நிரப்புவார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. எட்டு மணி சுமாருக்குக் கை கழுவ நான் மேடையிலிருந்து இறங்கியபோது, சமையல்காரர் ஒருவர் பெரிய குட்டுவப் பாத்திரத்தில் உருகிய தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றார்.

"இத எங்க கொட்டணும் அக்கா? நடைபாதைல விட்டா ஆளுவ வழுக்கி விழுவாவ."

என் பட்டுச் சேலை நனைந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. "அந்தப் பக்கம் புல்லுல ஊத்துங்க" என்று கை காட்டினேன். இரவு முழுக்க அங்கேயே, ஆடுகளத்தின் நடுவிலேயே, ஊற்றியிருக்கிறார்கள்.

நான் வேதியியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன் ஒரு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். ஐஸில் உப்பைப் போட்டால் என்ன நடக்கும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். உப்பு வேரில் இறங்கினால் செடி தண்ணீர் இழுக்காது என்றும் எனக்குத் தெரியும்.

மூன்று வாரம் கழித்து அம்மா ஃபோனில் பேசும்போது, "மார்க்கர் யூரியாவ அள்ளிப் போட்டுப் புல்லக் கரிச்சிட்டாராம். அப்பாவுக்குத் தலவேதனை" என்றாள். அந்த நிமிடமே எனக்கு அந்தக் குட்டுவம் கண்ணில் தெரிந்தது.

"அப்படியா" என்றேன். பிறகு அம்மா சாம்பார்ப் பொடி அனுப்பட்டுமா என்று கேட்டாள். அனுப்பச் சொன்னேன்.

அந்தத் தையில் போட்டி இல்லை. மார்க்கரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கடிதத்தில் கையெழுத்துப் போட்டது அப்பா. அடுத்த வருடம் சிமென்ட் போட்டுவிட்டார்கள். நான் பிள்ளைபெற்று, அதன் காய்ச்சல், தடுப்பூசி, பால்குடி மறத்தல் என்று ஓடிக்கொண்டிருந்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை.

மலருக்கு எழுத வேண்டும் என்றதும் பழைய கதைகள் தெரிந்த ஆள் மார்க்கர் ஒருவர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் ஆரல்வாய்மொழியில், காற்றாலை இறக்கைகளை இறக்கி வைத்திருக்கும் ஒரு வளாகத்தின் வாசலில் காவல் இருந்தார். என் நான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். காற்றில் காது வலிக்கும் என்று அவளுக்குக் குல்லாய் போட்டேன். வியர்க்கிறது என்று கழற்றினேன். மறுபடி போட்டேன்.

"பாப்பா, அந்தப் பிள்ளைய இப்பிடிப் போட்டு வதைக்காதீங்க. காத்து ஒண்ணும் கடிக்காது" என்றபடி நாற்காலியை எனக்குத் தந்தார். என்னை இன்னும் பாப்பா என்றுதான் அழைத்தார். சின்ன வயதில் எல்லோரையும்போல நானும் அவரை மார்க்கர் என்றுதான் கூப்பிட்டேன். அன்றுதான் முதல் தடவையாக அண்ணாச்சி என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு மணி நேரம் சொன்னார். யார் யாருக்கு இடக்கை, யார் கோட்டைத் தாண்டிய பந்தை உள்ளே என்று சாதிப்பார், எந்த மானேஜர் தோற்ற கோபத்தில் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டுப் பெண்டாட்டியைக் கூட்டிப்போக மறந்தார் என்பதெல்லாம். நான் சிரித்துச் சிரித்து எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது கேட்டார்.

"ஒரு காரியம் பாப்பா. யூரியா போட்டுக் கரிச்சேன்னு மட்டும் எழுதிராதீங்க. ஊர்ல எனக்கு இப்பம் பேரே யூரியாவாக்கும். வரப்புல நடந்து போனா, யூரியா வாறாருடே, நாத்தாங்கால மூடுங்கன்னு சத்தம் போடுகானுவ. எம் மருமவனும் கூடச் சேந்து சிரிக்கான்."

"எழுத மாட்டேன் அண்ணாச்சி" என்றேன். உப்பைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். மகள் சிறுநீர் போக வேண்டும் என்றாள். அதைச் சாக்காக வைத்துக் கிளம்பிவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து உண்மையைத்தான் முதலில் எழுதினேன். உப்புத் தண்ணீர், என் கல்யாணம், எல்லாம். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார்.

"இது மலரு மக்களே. இதுல போயி நம்ம வீட்டுக் கல்யாணத்த இழுக்கணுமா? உங்கப்பா கையெழுத்துப் போட்ட கடிதாசி வேற இருக்கு. அந்த மனுசனுக்கு இந்த வயசுல இது வேணுமா?"

அப்பாவைச் சொன்னதும் நான் அடங்கிவிட்டேன். அந்தப் பத்தியை அடித்துவிட்டு, "பராமரிப்புக் குறைவால் புல்தரை சேதமடைந்ததைத் தொடர்ந்து போட்டி நின்றுபோனது" என்று எழுதினேன். யூரியா என்ற சொல் இல்லை. வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாக்கியம் நன்றாக அமைந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை அவருக்குக் கொண்டுபோனேன். மகளை இந்த முறை அம்மா வீட்டில் விட்டிருந்தேன். அவர் நின்றுகொண்டே விரல் வைத்து வாசித்தார். மானேஜர் பெண்டாட்டியை மறந்துபோன இடத்தில் சிரித்தார். கடைசிப் பத்திக்கு வந்ததும் விரல் நின்றது.

"பராமரிப்பு பாத்தது நான் ஒருத்தந்தானே பாப்பா?"

அவர் கோபப்படவில்லை. மடக்கிப் பையில் வைக்கப் போனவர், மறுபடி விரித்து அதே வரியைப் பார்த்தார். அப்போதுதான் சொன்னேன்.

"யூரியா இல்ல அண்ணாச்சி. எங் கல்யாணத்துல ஐஸ்கிரீமுக்குப் போட்ட உப்புத் தண்ணி."

"தெரியுமே. ரெண்டாம் நாளே மண்ண எடுத்து நாக்குல வச்சுப் பாத்தேன். உங்கப்பாகிட்ட போயிச் சொன்னேன். கல்யாணம் கழிஞ்ச வீடு, வெளிய சொல்லாதீரும், நான் பாத்துக்கிடுகேன்னாரு. சரி, சமையல்காரன் புத்திகெட்டத்தனமா ஊத்திட்டான், நம்ம சார் கைவிட மாட்டாருன்னு சும்ம இருந்தேன்."

அப்பாவுக்கு அன்றே தெரியும் என்பது எனக்கு அந்த நொடிவரை தெரியாது. அதைக் கேட்டதும், இனி இதில் நான் ஒருத்தி மட்டும் குற்றவாளி இல்லை என்று மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அதை எண்ணித்தான் இன்றைக்கும் அதிகம் கூசுகிறேன்.

"சமையல்காரர் இல்ல அண்ணாச்சி. அவரு எங்கிட்டத்தான் கேட்டாரு. நாந்தான் புல்லுல ஊத்தச் சொன்னேன்."

அவர் மலரை மடக்கிப் பையில் வைத்தார்.

"நீங்க கெமிஸ்ட்ரிதானே படிச்சிய?"

"ஆமா."

வளாகத்துக்குள் ஒரு லாரி வந்தது. வாசலைத் திறந்துவிட்டு, நோட்டில் வண்டி எண்ணை எழுதிவிட்டு வந்தார்.

"இத எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? அங்க வந்து சொல்லுவியளா?"

அடுத்த ஞாயிறு நிர்வாகக் குழு கூடியது. மார்க்கரும் வந்தார். உள்ளே வாருங்கள் என்று எத்தனை சொல்லியும் வாசலுக்கு வெளியேதான் நின்றார். நான் மட்டும் போனேன். எட்டுப் பேர் இருந்தார்கள். மாமனார் இருந்தார். பழைய செயலாளர் என்ற முறையில் அப்பாவும் இருந்தார். எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்துத்தான் வாசித்தேன். புல் கருகியது உப்பால், ஊற்றச் சொன்னது நான், மலரில் எழுதியது தவறு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்றேன்.

ஒருவர் சிரித்துவிட்டார். "அடக் கூத்தே. நாலு குட்டுவம் தண்ணிக்கா இம்புட்டும்?"

இன்னொருவர், "இப்பம் அங்க சிமென்ட் போட்டாச்சே, இனி எதுக்கு?" என்றார்.

அப்பா மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். என் மகள் தப்புச் செய்துவிட்டு என்னைப் பார்க்காமல் நிற்பதுபோல அவர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"தப்ப ஒத்துக்கிட்ட மனசு பெரிய மனசும்மா. புத்தகத்துலல்லாம் ஏத்த வேண்டாம். இரி, சாயா குடிச்சிட்டுப் போ" என்றார் கிளப்பின் தலைவர். சாயாவும் ரசவடையும் வந்தன. பேச்சு வாகன நிறுத்தக் கூரைக்கு மாறியது.

வெளியே வந்தேன்.

"சொன்னியளா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாவ?"

"சாயா குடிச்சிட்டுப் போகச் சொன்னாவ."

"குடிச்சியளா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "குடிச்சேன்" என்றேன்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நானும் கூடவே போனேன்.

"புத்தகத்துல ஏத்தலன்னா என்ன அண்ணாச்சி, நான் வேற எடத்துல எழுதுகேன்."

"முந்தியும் நீங்கதானே எழுதினிய" என்றார். சுசீந்திரம் பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

எனவே இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் புல்தரை டென்னிஸ் போட்டி பராமரிப்புக் குறைவால் நிற்கவில்லை. அந்தப் புல்லை மார்க்கர் கருக்கவில்லை, யூரியா போடவும் இல்லை. உப்புத் தண்ணீரை அங்கே ஊற்றச் சொன்னது நான். அது உப்புதான் என்று அவர் மறுநாளே சொன்னார், சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார். இதை அப்பாவிடம் கேட்காமல்தான் எழுதுகிறேன். கேட்டிருந்தால் இந்தப் பத்தியும் இருந்திருக்காது.