திருவாரூரில் அத்தோ கடை

புருஷனோடு சேர்ந்து சாப்பாட்டுக் கடை நடத்தியவர்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்கள் உச்சுக் கொட்டினால் போதும். ரங்கூனில் பர்மா சர்க்கார் கடையைப் பிடுங்கிக்கொண்டு எங்களைக் கப்பலேற்றிவிட்டது. என் கணவர் சிங்காரத்துக்குத் திருவாரூர் பூர்வீகம். கடைத்தெருவில் ஒரு மிராசுதாரின் இடத்தை வாடகைக்குப் பிடித்து, தெரிந்த தொழிலான பர்மா பலகாரம் அத்தோவையே போட்டோம். ஓடாவிட்டால் அவர் மட்டும் மெட்ராசுக்குப் பிழைக்கப் போவது, நானும் எங்கள் பெண்களும் இங்கேயே இருப்பது என்று பேச்சு. அது நடக்கக்கூடாதென்று ராத்திரிதோறும் கல்லாக் காசை இரண்டு தடவை எண்ணுவேன்.

முதல் போணி

நூடுல்ஸில் முட்டைக்கோசு, வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்தால் அத்தோ. முதலில் வந்த வக்கீல் குமாஸ்தா தட்டையே முறைத்துக்கொண்டிருந்தார். "இடியாப்பம் மாதிரிதாங்க" என்று என் கணவர் குழைந்தார். எனக்கு வந்ததே கோபம்! குமாஸ்தா தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். "நல்லாருக்கும்மா. வீட்டுக்குப் போயி சோறு சாப்பிடணும், நேரமாச்சு."

ஒரே பெஞ்சு

அறுவடைக் கூலித் தகராறில் ஊர் இரண்டுபட்டிருந்த வருஷம். மிராசுதார் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வயலில் நடவு நடுகிற அஞ்சலை, கூலிக்காரர் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டுப் பசியோடு வந்தாள். ரங்கூன் பழக்கத்தில் நான், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அந்தம்மாவும் உக்காரட்டும்" என்றேன். மிராசுதார் பாதித் தட்டோடு எழுந்து போய்விட்டார். என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அஞ்சலை மட்டும் சிரித்தாள். "அக்கா, நீங்க வெளியூருன்னு இப்பத்தான் நல்லா தெரியுது."

காரியக்காரர் வந்தார்

மறுநாள் மிராசுதாரின் காரியக்காரர் வந்து, பண்ணையாட்களுக்குத் தனி பெஞ்சு போடு, இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய் என்றார். யார் எதைச் சொன்னாலும் "ஆகட்டுங்க" என்கிற மனுஷர் என் கணவர். இடம் போனால் மெட்ராஸ்தான் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ரங்கூன்லயும் ஒரே பெஞ்சுதாங்க போட்டிருந்தோம். காலி பண்ணிடறோம்." அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. நேரில் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறிவிடும்.

தள்ளுவண்டி

பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டி போட்டோம். பெஞ்சே கிடையாது, எல்லோரும் நின்றுதான் சாப்பிட வேண்டும். தகராறு ஓய்ந்த பிறகு ஒரு சாயங்காலம், நாக்கை அடக்க முடியாமல் மிராசுதாரும் வந்து தட்டோடு தள்ளி நின்றார். வண்டிப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அஞ்சலை அவரைப் பார்த்துச் சொன்னாள். "புளித்தண்ணி பத்தலைன்னா கேளுங்கய்யா. கேட்டாத்தான் குடுப்பாங்க."

பிசைய ஒருத்தி, தள்ள ஒருத்தர் என்று தொழில் ஆகிவிட்டதால், என் கணவரை மெட்ராசுக்கு அனுப்ப இன்றுவரை எனக்கு ஒழியவில்லை.