நான் சேர்த்த கடைசிப் பத்தி

விடைத்தாள் கட்டு என்று யாராவது சொன்னாலே எனக்கு இன்றைக்கும் தோள் வலிக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் நடுவே இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் நான் தமிழ் ஆசிரியை. ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் இரண்டிரண்டு பிரிவுகள். அரைப் பரீட்சை முடிந்தால் கட்டுகளை ஒரு பையில் திணித்து, ராஜா அண்ணாமலைபுரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன். வீட்டில் கைப்பம்பு காத்திருக்கும், உலை காத்திருக்கும். எல்லாம் ஆன பிறகு சிவப்பு மசிப் பேனாவைத் திறந்தால், முதல் தாளிலேயே கண் சொருகும்.

இந்த லட்சணத்தில் நான் குழந்தைகளுக்குக் கதையும் எழுதினேன். ஞாயிறு மதியம் வீடு உண்டு உறங்கும் ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைத்தது. ஒரு வாரப் பத்திரிகை அவ்வப்போது போட்டது. புனைபெயர், அதுவும் ஆண் பெயர். பள்ளியில் தெரிந்தால் அனுமதி வாங்கினாயா என்பார்கள். ஆசிரியைகள் அறையில் கேலி வேறு தாங்க முடியாது. ஆகவே வாயைத் திறக்கவில்லை.

எழுதியவற்றில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு கதை. மயிலாப்பூர்ச் சிறுமி ஒருத்தியை அம்மா கோதுமை அரைத்துவர அனுப்புகிறாள். மாவு மில்லில் கூட்டம். சிறுமி தன் டின்னை வரிசையில் வைத்துவிட்டு, நேராகக் கடற்கரைக்கு நடக்கிறாள். தனியாகக் கடல் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அலையில் கால் நனைத்து, கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுத் திரும்புகிறாள். மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்கிறாள். கூட்டம் என்கிறாள். அம்மா நம்பிவிடுகிறாள். சிறுமி பாவாடைக் கரையிலிருந்த மணலைக் கொல்லையில் உதறிவிட்டுச் சாப்பிட உட்காருகிறாள். கதை அவ்வளவுதான். அதில் எந்த நீதியும் கிடையாது. ஒரு பெண் குழந்தை ஒரு மணி நேரம் யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்தாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கே அப்படி ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது.

அந்தக் கதைகளைப் புத்தகமாகப் போட தி. நகரில் ஒரு பதிப்பாளர் முன்வந்தார். தெற்கே இருந்து வந்து, பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர். புத்தகத்தைப் பள்ளிகளில் துணைப்பாடமாக வைக்கச் செய்யலாம் என்றார். ஆனால் என் மாவு மில் கதையில் அவருக்கு ஒரு சங்கடம்.

"கதை நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா அந்தப் பிள்ள பொய் சொல்லிட்டுத் தப்பிச்சிருதே. பள்ளிக்கூடத்துல எப்படிம்மா வாங்குவாங்க?"

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். அன்றைக்குப் பள்ளி முடிந்து நேராக வந்திருந்தேன், காலையிலிருந்து ஐந்து வகுப்பு எடுத்த தொண்டை. வீட்டில் சின்னவனுக்கு ஜுரம். அவர் மேசையிலேயே, அச்சுப் பிழை திருத்த வந்திருந்த தாளின் பின்பக்கத்தில், நின்றுகொண்டே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். கொல்லையில் மணலைக் கண்ட அம்மா கண்ணீர் விடுகிறாள். சிறுமி காலில் விழுகிறாள். அன்று முதல் அவள் பொய்யே சொல்லவில்லை. கீழே கேள்விகளையும் நானே போட்டேன். 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' எல்லாவற்றுக்கும் பத்து நிமிடம் பிடித்திருக்கும். கை அவ்வளவு பழகிப் போயிருந்தது.

மறு ஜூனில் எங்கள் தலைமையாசிரியை மேசையில் பதிப்பாளர்களின் ஆட்கள் வைத்துவிட்டுப் போன துணைப்பாட நூல்கள் அடுக்கியிருந்தன. அவர் இரண்டு மூன்றைப் புரட்டினார். ஒவ்வொரு கதைக்கும் பின்னால் கேள்விகள் ஒழுங்காக இருப்பதாகச் சொல்லி, என்னுடையது என்று தெரியாமலே ஏழாம் வகுப்புக்கு என் புத்தகத்தை எடுத்தார். நான் எதிரில்தான் நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அந்தச் சந்தோஷம் இரண்டு வாரம் தாங்கியது. துணைப்பாடத்துக்கு எப்போதும் கடைசிப் பீரியட்தான் கொடுப்பார்கள். பிள்ளைகள் சோர்ந்திருப்பார்கள், நான் அவர்களைவிட. ஒருத்தி எழுந்து வாசிப்பாள், மற்றவர்கள் விரல் வைத்துத் தொடர்வார்கள். பிறகு நான் கேள்வியையும் பதிலையும் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்கள். ஆசிரியர் இங்கே என்ன கூற விரும்புகிறார் என்று நானே கேட்டு, நானே பதிலும் சொன்னேன். அவர் கூற விரும்பியது அது இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான் என்று நினைத்திருந்தேன்.

அரைப் பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. வீடு திரும்பிய பின் நடந்தது என்ன, கதை உணர்த்தும் நீதி யாது, ஐந்து மதிப்பெண். நாற்பது தாளில் ஒரே பதில், ஒரே எழுத்துப் பிழை. நாற்பத்தொன்றாவது தாளில், அம்மா நம்பிவிட்டாள், சிறுமி மணலை உதறிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள் என்று எழுதியிருந்தது. கீழே, 'நீதி: இதில் இல்லை.'

சாந்தோம் தேவாலயத்துக்குப் பின்னால் குடியிருந்த பெண் அவள். அப்பா பங்குக் கோயிலில் வேலை. இலக்கணத்திலும் மனப்பாடச் செய்யுளிலும் கோட்டை விடுவாள். இன்னொரு பிரிவின் தாள்களையும் அதே விடைக்குறிப்பின்படிதான் திருத்தியாக வேண்டும், தலைமையாசிரியை நடுவில் நான்கைந்தை உருவிப் பார்ப்பார், ஏன் மதிப்பெண் என்று கேட்டால் என்ன சொல்வது என்றெல்லாம் யோசித்தேன். பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். மொத்தம் முப்பத்து மூன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். தேர்ச்சி அறிக்கையில் தமிழுக்கு நேராகச் சிவப்புக் கோடு விழுந்தது.

தாள் கொடுத்த மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவள் ஆசிரியைகள் அறை வாசலுக்கு வந்தாள். நான் எழுந்து வெளியே போனேன். கையில் காலிகோ அட்டை போட்ட ஒரு தடித்த பைண்டு. பத்திரிகையில் வரும் கதைகளை அவள் அம்மா கிழித்துச் சேர்த்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பைண்டு செய்து வைப்பாளாம். பிரித்துக் காட்டினாள். என் கதை, படத்தோடு, நான் எழுதிய முடிவோடு. ஓரமெல்லாம் விரல் பட்டு அழுக்கேறியிருந்தது.

"இதுல வேற மாதிரி கீது டீச்சர். நான் சின்னதுலேந்து இதத்தான் படிக்கிறேன். புக்குலதான் தப்பா போட்டுட்டாங்க."

புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுத வேண்டும் என்று சொன்னேன். அவள் போகவில்லை.

"எழுதினவருக்கு லெட்டர் போட்டுக் கேக்கட்டுமா டீச்சர்? அவருக்குத் தெரியும்ல, எது சரின்னு."

அந்த வயதில் என் கதையை அப்படித் திரும்பத் திரும்பப் படித்த வேறு யாரையும் நான் சந்தித்ததில்லை. நான்தான் எழுதினேன், நீ எழுதியதுதான் சரி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் உள்ளே நான்கு பேர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. நான் இன்னும் சாப்பிடவில்லை.

"அவரும் புத்தகத்துல இருக்கறதைத்தான் சரின்னு சொல்வார்" என்றேன்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். கோபமில்லை. பெரியவர்கள் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்ட முகம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பைண்டை மூடி, மார்போடு வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு மதியங்களில் நானும் தூங்கிவிட்டேன். பதிப்பாளர் இன்னொரு தொகுப்பு கேட்டு இரண்டு கார்டு போட்டார். பதில் எழுதவில்லை. அசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரலில் முழுப் பரீட்சை. கேள்வி மாறவில்லை, மாற்ற யாருக்கும் தெம்பில்லை. அவள் தாளைத் தேடி எடுத்துத்தான் பார்த்தேன். நான் பதிப்பாளர் மேசையில் நின்றுகொண்டு எழுதிய பத்தி, ஒரு கால்புள்ளி பிசகாமல் அப்படியே இருந்தது. அம்மாவின் கண்ணீரும் இருந்தது, காலில் விழுந்ததும் இருந்தது. 'நீதி: பொய் சொல்லக் கூடாது' என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள்.

ஐந்துக்கு ஐந்து போட்டேன்.