சித்தி வீட்டுக் கேக் மிஷின்

எங்கள் அப்பா எதையும் ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். நெல்லிக்குப்பத்தில் ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தவர், அந்தப் பழக்கத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். மெத்தை வாங்கப் போனபோது கடையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்த்தார். படுத்தவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரிக்க, நானும் அம்மாவும் மெல்ல வெளியே போய் யாரோ எவரோ போலத் தெருவில் நின்றுகொண்டோம். அப்பா எழுந்து வந்து, "மெத்த நல்ல மெத்த" என்று சொல்லி அதையே வாங்கினார்.

ஆகவே அம்மா கேக் மிஷின் கேட்டபோதும் அவர் முடியாது என்று சொல்லவில்லை. "ஓட்டிப் பாத்துட்டு வாங்கலாம்" என்றார்.

அப்போது நாங்கள் கடலூர் செம்மண்டலத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் ஏழாம் வகுப்பு. அம்மா பிறந்தநாள் கேக் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பழைய ஓவனும் ஒரு மரக்கரண்டியும்தான் அவருடைய பேக்கரி. வெண்ணெயையும் சர்க்கரையையும் எவர்சில்வர் குண்டானில் போட்டு, அதை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, வெண்ணெய் வெளுத்துப் பஞ்சு மாதிரி ஆகும்வரை அடிப்பார். கேக் மென்மையாக வருவதெல்லாம் அந்த அடியில்தான் இருக்கிறது என்பார். சாயங்காலமானால் வலது மணிக்கட்டு வீங்கியிருக்கும். பழைய துணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டிக்கொள்வார். அந்தச் சமயத்தில்தான் மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடைக்காரர் அம்மாவின் கேக்கைத் தின்றுவிட்டு, தினமும் ஒரு தட்டு போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். தினமும் என்றால் கையால் ஆகாது. மிஷின் இருந்தால் ஆகும்.

பாண்டிச்சேரியில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அம்மா அதைப் பார்த்திருந்தார். கிண்ணத்துக்கு மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும், ஸ்டாண்ட் மிக்சர் என்று எழுதியிருந்தது. விலையைக் கேட்ட அப்பா, "இந்த வெலைக்கு ஒரு பழைய டூவீலரே வாங்கலாமே" என்றார். பிறகு, "வீட்லதான் மிக்சி இருக்குதே?" என்றார். மிக்சி அரைக்கும், இது அடிக்கும் என்று அம்மா விளக்கினார். அப்பாவுக்குப் புரிந்தது. மோட்டார் சங்கதி எதுவும் அவருக்குச் சட்டென்று புரியும். தீபாவளிக்கு வரும் போனஸில் வாங்கிவிடலாம், ஆனால் வெண்ணெய் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். எந்தக் கடைக்காரன் புது மிஷினில் வெண்ணெயைப் போட விடுவான்?

வழி சிதம்பரத்திலிருந்து வந்தது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கம்பெனி வேலையாக அமெரிக்காவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு அங்கிருந்தே அப்படி ஒரு மிஷினைக் கொண்டுவந்திருந்தார். போனில் விஷயத்தைக் கேட்டதும், "அண்ணிய ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. நம்ம மிஷின்லயே போட்டுப் பாக்கட்டும். என் ஃப்ரெண்ட்ஸயும் சாப்பிடக் கூப்புடறேன்" என்று அவரே ஏற்பாடு செய்துவிட்டார்.

சனிக்கிழமை சித்தி போன் செய்தார். அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார் போலிருக்கிறது. அம்மா, "உனக்கு சௌகரியப்படலன்னா வாணாம்மா" என்றார்.  அதைக் கேட்டதும் சித்தி வரச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை நான் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டேன். அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை இருந்ததால் நானும் அம்மாவும் மட்டும் பஸ் ஏறினோம். அம்மாவின் மடியில் மைதா, வெண்ணெய், முட்டை எல்லாம் ஒரு பையில் இருந்தன. ஆலப்பாக்கம் தாண்டும்வரை முட்டை உடைந்துவிடுமோ என்று பையை லேசாகத் தூக்கிப் பிடித்தபடியே வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. டீக்கடைக்காரருக்கு எந்தக் கேக்கை முதலில் போடுவது என்று என்னிடமே யோசனை கேட்டார்.

சித்தப்பா வீட்டு ஹாலில் அவருடைய நண்பர்கள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா நல்ல மனிதர், நல்ல பேச்சுக்காரர். பேச்சில் அவருக்குப் பிடித்த பாத்திரம் சித்திதான். கல்யாணமான புதிதில் சித்தி அவருடைய செல்போனைச் சட்டைப் பையோடு வாஷிங் மிஷினில் போட்டுத் துவைத்த கதையை அன்றைக்கும் சொன்னார். போனைக் காய வைக்கக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டதாகச் சொன்ன இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காபி டம்ளர்களோடு நின்றிருந்த சித்தியும் சிரித்தார். அம்மா மட்டும் டம்ளரை எடுத்துக்கொண்டு, "உக்காரும்மா, நான் குடுக்கறேன்" என்று தட்டை வாங்கினார்.

பிறகு சித்தப்பா எல்லோர் முன்னிலையிலும் அம்மாவுக்குப் பாடம் எடுத்தார். அமெரிக்க மிஷினுக்கு நம் ஊர்க் கரண்ட் ஜாஸ்தி. அதனால் கரண்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு ட்ரான்ஸ்பார்மர் பெட்டி வைத்திருக்கிறார். மிஷின் ஒயரைப் பெட்டியில்தான் சொருக வேண்டும், சுவரில் நேராகச் சொருகினால் ஒரே நொடியில் மோட்டார் எரிந்துவிடும். "புரிஞ்சிதா அண்ணி? பெட்டில சொருவணும். சொவுத்துல இல்ல." அம்மா தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

அடுப்பங்கரையில் மேடையின் மூலையில் மிஷின் உறை போட்டு நின்றது. சித்தி உறையை எடுத்தார். நல்ல சிவப்பு, கார் மாதிரி பளபளப்பு. அம்மா அதன் தலையைத் தூக்கி இறக்கிப் பார்த்தார். குனிந்து ஏதோ மோந்தார். பிறகு வெண்ணெயையும் சர்க்கரையையும் கிண்ணத்தில் போட்டு, ஒயரைப் பெட்டியில் சொருகி, சுவிட்சைத் தட்டினார்.

மிஷின் ஓடவில்லை.

இன்னொரு முறை தட்டினார். பெட்டியில் சின்ன விளக்கு எரிந்தது, மிஷினில் ஒரு முனகல்கூட இல்லை. அம்மா சித்தியைப் பார்த்தார். சித்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

ஹாலிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "இன்னா அண்ணி, ஓடுதா? சத்தத்தயே காணோம்?" நாற்காலி நகர்ந்தது.

அப்போது அம்மா செய்ததை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். சுவரில் எந்தப் பின்னையும் ஏற்றுக்கொள்கிற ஒரு சாக்கெட் இருந்தது. அதில் நேராகச் சொருகினார். பெட்டிதான் கெட்டிருக்கிறது, சுவரில் ஓடும் என்று நினைத்துவிட்டார் போல என்றுதான் எனக்குத் தோன்றியது. சித்தப்பா உள்ளே வந்தபோது ஒயர் சுவரில் இருந்தது, அம்மாவின் கை சுவிட்ச் மேல் இருந்தது.

"அய்யோ அண்ணி! அவ்ளோ சொன்னனே!"

ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மிஷினைத் தூக்கி மோந்து பார்த்தார். "போச்சி. மோட்டார் காயில் எரிஞ்சி போச்சி."

"கவனிக்கல தம்பி" என்றார் அம்மா. "அவசரத்துல சொருவிட்டேன். தப்புதான்."

நண்பர்கள் எல்லோரும் அடுப்பங்கரை வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் ஒரு அம்மா, "விடுங்க சார், பாவம், பழக்கமில்லாதவுங்க" என்றார். அந்த வார்த்தை என்மேல் சூடாக விழுந்தது. பழக்கமில்லாதவர்கள் என்றால் அம்மா மட்டுமா, பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற நானும்தானே? சித்தப்பா கத்தவில்லை. பொருள்தானே, போனால் போகிறது என்றார். கத்தியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை என்றிருந்தது.

நாங்கள் உடனே கிளம்பிவிடுவோம் என்று நினைத்தேன். அம்மா கிளம்பவில்லை. சித்தியிடம் ஒரு குண்டானும் கரண்டியும் கேட்டு வாங்கி, கிண்ணத்திலிருந்த வெண்ணெயை வழித்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தார். சித்தி எதிரில் வந்து உட்கார்ந்து குண்டானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தலை நிமிரவே இல்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. விலை உயர்ந்த பொருளை நாசமாக்கியவரிடம் யாருக்குத்தான் பேச வரும் என்று நான் நினைத்தேன். கேக் நன்றாகத்தான் வந்தது. எல்லோரும் இரண்டாம் துண்டு கேட்டு வாங்கித் தின்றார்கள். "மிஷின் எதுக்கு அண்ணி உங்களுக்கு? உங்க கையே மிஷின்" என்று சித்தப்பா சொல்ல, மறுபடியும் சிரிப்பு. எனக்குக் கொடுத்த துண்டை நான் தொடவில்லை. தட்டோடு கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவின் பக்கத்தில் இடம் இருந்தும் நான் முன்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர், "ஒனக்கு டிக்கெட்டு யாரும்மா?" என்று கேட்டார். பின்னால் கை காட்டினேன். வாயைத் திறந்து அம்மா என்று சொல்லவில்லை.

நாங்கள் வீடு சேர்வதற்குள் சித்தப்பா அப்பாவுக்குப் போன் செய்துவிட்டிருந்தார். அப்பா கோபப்படவில்லை, அவரும் சிரித்தார். "ஓட்டிப் பாக்கத்தானடி சொன்னேன். ஒடச்சிப் பாக்கவா சொன்னேன்?"

நான் எதிர்பார்த்தது அம்மா ஏதாவது பதில் சொல்வார் என்று. அவர் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டே, "அது எனக்குச் சரிப்படாதுங்க. வாணாம், விட்ருங்க" என்றார். அவ்வளவுதான். மிஷின் பேச்சு எங்கள் வீட்டில் அன்றோடு முடிந்தது. தீபாவளி போனஸில் அப்பா தன் வண்டிக்கு எஞ்சின் வேலை பார்த்துக்கொண்டார். டீக்கடைக்காரரிடம் அம்மாவே போய் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்கப்புறம் கொஞ்ச காலம் பிறந்தநாள் கேக் மட்டும் செய்தார். கை ஒத்துழைக்காமல் போகவே அதையும் விட்டுவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைக்குச் சேர்ந்தார். சித்தப்பா மட்டும் அந்தக் கதையை விடவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூடினாலும் வாஷிங் மிஷின் கதைக்கு அடுத்ததாக அண்ணி கதை வரும். ஒவ்வொரு தடவையும் நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். அம்மா இருந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்.

நான் கல்லூரி முடித்த வருடம் புவனகிரியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து சித்தப்பா கதையை ஆரம்பித்ததும் வழக்கம்போல எழுந்து வெளியே வந்தேன். சித்தியும் பின்னாலேயே வந்தார்.

"அது நான் எரிச்சதுடி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த மிஷின. நீங்க வர்றதுக்கு முன்னாடியே. ஏதோ அவசரம், பெட்டிய மறந்துட்டு நேரா சொருவிட்டேன். பொகஞ்சிருச்சி. அவருகிட்ட சொல்றதுக்கு நல்ல நேரம் பாத்துக்கினே இருந்தேன், அதுக்குள்ள உங்கள வரச் சொல்லிட்டாரு." சித்தி என் முகத்தைப் பார்த்தார். "உங்கம்மா உங்கிட்டகூடவா சொல்லல?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். உறையை எடுத்ததுமே கருகிய வாடை வந்ததாம், சித்தியின் முகத்தைப் பார்த்ததும் மீதி தெரிந்துவிட்டதாம். "ஏம்மா நீ ஒத்துக்கினே?" என்றேன். "நான் ஒரு நாள் போயிட்டு வர்றவ. அவ அந்த ஊட்லயே இருக்கணும்ல" என்றார். வேறெதுவும் சொல்லாமல் துணி மடிக்கப் போய்விட்டார்.

ஏழாம் வகுப்பில் நாங்கள் சிதம்பரத்திலிருந்து வந்த மறுநாள் காலையில் நடந்ததற்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் கிடைத்தது. நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தது நான்தான். சித்தி. "அம்மாகிட்ட குடுடி" என்பதற்குள் அழுகை வந்துவிட்டது அவருக்கு. அந்தச் சிவப்பு மிஷினுக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் போனை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அதிகம் பேசவில்லை. "சாப்டியா?" என்றார். "அழுவாத. அது என் பேர்லயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் கொறஞ்சி போவல" என்றார். அடுத்தவர் பொருளைக் கெடுத்துவிட்டு எனக்கொன்றும் குறையவில்லை என்கிறாரே, இவருக்கு வெட்கமே இல்லையா என்று எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

போனை வைத்ததும் கேட்டேன்.

"சித்திகிட்ட சாரி சொன்னியாம்மா?"

அம்மா என் பின்னலை எடுத்து முன்னால் போட்டு, ரிப்பனைச் சரியாகக் கட்டினார்.

"சொல்லிட்டேன்டி" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒருவழியாக நம் பக்கத்துத் தப்பை ஒத்துக்கொண்டாயிற்று என்று பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.