இசக்கிமுத்துவின் இருமலுக்கு ஒரு சாட்சி

மட்டாஞ்சேரியில் இசக்கிமுத்துவின் வீடு எதுவென்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இருமல் சத்தம் வரும் வீடு அது. முனிசிபாலிட்டியில் ஓடை வாரும் வேலை. மனைவி லக்ஷ்மி போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது, பிள்ளைகுட்டி கிடையாது. அக்கம்பக்கத்தார் நல்லவர்கள்தான். ஆனால் நெஞ்சு நோய்க்காரன் வீட்டில் யார் வந்து உட்கார்ந்து பேசுவார்கள்? சாயாக்கடையில் அவனுக்கென்று தனி கிளாஸ் வைத்துவிட்டார்கள். கண்டும் காணாததுபோல் குடித்துவிட்டு வருவான்.

இருமல் வந்தது பர்மா எல்லையில், மழையில் நனைந்து பாலம் போட்ட நாட்களில். பட்டாளத்தில் பிடித்த நோய் என்றால் சர்க்கார் தன் செலவில் ஆஸ்பத்திரியில் படுக்கையும் மருந்தும் தரும். ஆனால் இவன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவன். சண்டை முடிந்து, நாற்பத்தாறில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது, நோய் என்று வாய் திறந்தவனை மாதக்கணக்கில் முகாம் ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. கல்யாணமான கையோடு லக்ஷ்மியை விட்டு வந்தவனுக்கு அதைக் கேட்டுப் பொறுக்குமா? கூடாரத்துக் கூட்டாளி நாணு ஒரு கருப்பட்டித் துண்டைக் கொடுத்தான். இருமல் வராமலிருக்க அதை நாக்குக்கடியில் அடக்கி, டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார்" என்றான் இசக்கிமுத்து. நாணுவும் அதையேதான் சொன்னான். இருவருக்கும் ஆரோக்கியம் என்று எழுதினார்கள். அப்படி ஓடி வந்து லக்ஷ்மியோடு வாழ்ந்தது ஐந்தே வருடம்.

இப்போது இருமலில் ரத்தம் வந்தது. எறணாகுளத்தில் பழைய சிப்பாய்களுக்கான ஆபீஸுக்குப் போனான். குமாஸ்தா வெங்கிடராமன் பாலக்காட்டுக்காரர், கெட்ட மனிதரல்ல.

"ஆரோக்கியம்னு எழுதியிருக்கே ஓய், நான் என்ன பண்ணட்டும்? அப்போ கூட இருந்தவா யாரையாவது கூட்டிண்டு வாரும். நேர்ல நின்னு சொன்னா மேல எழுதறேன்."

கூட இருந்தவர்களில் அவனுக்குத் தெரிந்து மிஞ்சியது நாணு ஒருவன்தான். ஆலுவாவில் விசாரித்து, ஆற்றோரத்தில் அவன் வீட்டைக் கண்டுபிடித்தான். நாணு பெஞ்சில் உட்கார்ந்து பாயிலிருந்து கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, "பாலு கொண்டாந்தியா?" என்றான்.

அவன் மனைவி கமலாக்ஷி, வந்தவன் தமிழன் என்று பார்த்து, தெரிந்த தமிழில் சொன்னாள்: "நாலு வருஷமாச்சு சேட்டா. முதல்ல தலைவேதனை. இப்போ என்னையும் அறியல."

இசக்கிமுத்துவுக்கு முதலில் வந்தது இரக்கமல்ல, ஆத்திரம். இருந்த ஒரே சாட்சியும் இப்படியா போக வேண்டும்? எழுந்து வந்துவிடத்தான் பார்த்தான். கமலாக்ஷி விடவில்லை.

"பட்டாளத்துல இவருக்குத் தலையில அடி பட்டிருந்துதா சேட்டா? டாக்டர் கேட்டாரு. நான் என்ன பறையட்டும்?"

பட்டிருந்தது. லாரி கவிழ்ந்தபோது அடியிலிருந்து இழுத்துப் போட்டதே இசக்கிமுத்துதான். தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் என்ன கண்டாள்? ஆனால் சொன்னான், எல்லாவற்றையும். லக்ஷ்மி போன பிறகு அவன் யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை.

பிறகு கமலாக்ஷியோடு அதே ஆபீஸுக்குப் போய் நின்று நாணுவுக்காகச் சாட்சி சொன்னான். வெங்கிடராமன் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உம்ம விஷயம்?"

"எனக்குச் சாட்சி சொல்லத்தான் சாமி, நாணுவைக் கூட்டிவரப் போனேன்."

"புத்தி சரியில்லாதவன் சாட்சி செல்லாதே ஓய்," என்றார் அவர்.

நாணுவுக்குப் படுக்கை கிடைத்தது. வெள்ளை விரிப்பு, வேளைக்கு மருந்து, பால். சர்க்கார் கொடுக்க நினைத்தால் நன்றாகத்தான் கொடுக்கிறது! இசக்கிமுத்து ஞாயிறுதோறும் பார்க்கப் போவான். போவதற்கு அவனுக்கு வேறு இடமும் இல்லை. நாணு ஒவ்வொரு முறையும் அவனைப் பால்காரன் என்றே நினைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலருகே இசக்கிமுத்துவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து துண்டை வாயில் பொத்திக்கொண்டான், நிற்கவில்லை. நாணு திரும்பிப் படுத்துக் காது கொடுத்துக் கேட்டான். அவன் முகம் மலர்ந்தது.

"இந்த இருமல் எனக்கு அறியும். எங்க கூடாரத்துல ஒருத்தனுக்கு உண்டு. பாலம் போடறப்ப மழை நனைஞ்சு பிடிச்சது. ராத்திரி உறங்க விடமாட்டான்."

இசக்கிமுத்து சுற்றிப் பார்த்தான். கமலாக்ஷி கிளாஸ் கழுவப் போயிருந்தாள். அடுத்த கட்டில்காரர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

"அவன் இப்ப எங்க நாணு?"

நாணு யோசித்தான். "நல்லவன். செத்திருப்பான், பாவம்."

இசக்கிமுத்து துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இல்ல நாணு," என்றான். "இருக்கான்."