ரோலர் அக்காவின் கட்டில்

முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுச் சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடித்தவளுக்கு, கால் நீட்டிப் படுக்கத் தனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது ஐம்பத்தாறு வயதில்தான். அதுவரை தோன்றாமல் இருந்ததற்கு அவள் பெரிய தியாகி என்று அர்த்தமில்லை. தோன்றுவதற்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

எல்லாரும் அவளை ரோலர் அக்கா என்பார்கள். கையில் பெயிண்ட் உருட்டும் ரோலர் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. புருஷன் இருந்தான், போனான். செத்தெல்லாம் போகவில்லை; இன்னொருத்தியிடம் போனான். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது மூன்றாவது மாடியில் ஓர் அறை. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போவாள், இரண்டு பஸ் மாறித் திரும்புவாள், படியேறி வந்து பெயிண்ட் துணியோடு அப்படியே விழுவாள். கட்டடம் எழும்பும் இடத்தில் பொம்பளைக்கு ஒதுங்க இடம் ஏது? காலையிலிருந்து அடக்கி அடக்கி அடிவயிறு கல்லாகிக் கிடக்கும். களைப்பு களைப்பு என்று எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள். அவளுக்குக் களைப்பு என்றால் இதுதான்.

அந்தச் சமயத்தில் மேஸ்திரி ஒரு வேலை கொண்டுவந்தான். நகரத்துக்கு வெளியே பெரிய குடியிருப்பு, ஒரு வருஷ வேலை, தினமும் போய்வர முடியாத தூரம். தங்கினால் தகரக் கொட்டகையில் பதினெட்டு ஆம்பளைகளோடு தங்க வேண்டும். "பதினெட்டு பேரு குறட்டையையும் நான் கேக்கணுமா? ஒருத்தன் குறட்டைய கேட்டதே இந்த ஜென்மத்துக்குப் போதும்" என்றாள். சொல்லிவிட்டு, சலவைக் கம்பெனிக்காரன் கழித்துக் கட்டிய பழைய வேன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து தம்பி வீட்டு வாசலில் நிறுத்தினாள். இளவயதில் தண்ணீர் கேன் வண்டி ஓட்டியவள், வேன் ஓட்ட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தம்பி தச்சு வேலைக்காரன். அவனுக்குப் பட்டப்பெயர் 'அளவு'. டேப் இல்லாமல் ஒரு ஆணி அடிக்க மாட்டான். பொண்ணு பார்க்கப் போன இடத்தில் கதவின் உயரத்தை அளந்தவன் என்று அவன் பெண்டாட்டி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

வேனைப் பார்த்ததும் அந்தப் பெண்டாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்ன அண்ணி, வண்டியா இது, அழுக்குத்துணி மூட்டையா?"

"என்னைய விட இது சுத்தமாத்தான் இருக்கு. நீ போய் டீ போடு."

மூன்று வாரம். பகல் முழுக்க வெளிவேலை, சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வேன். துருவைச் சுரண்டினாள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், சிவப்பு பிரைமர் ஒரு கை அடித்தாள். வெயில் இறங்காமலிருக்கத் தகரத்தின் உள்பக்கம் தெர்மாகோலை ஒட்டி, அதன்மேல் தம்பி பிளைவுட்டை அறைந்தான். ஜன்னலில்லாத பெட்டிக்குள் பெயிண்ட் நெடி தலையைச் சுற்றும். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பின்கதவில் தலையை நீட்டி மூச்சு வாங்குவாள்.

கலர்தான் பெரிய கூத்து. அத்தனை வீட்டுக்காரர்கள் சொன்ன கலரையும் அடித்தவளுக்குத் தனக்கு என்ன கலர் பிடிக்கும் என்று தெரியவில்லை. கடைசியில் மிச்சமிருந்த ஐந்து டப்பாவையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கினாள். சாம்பலுமில்லாமல் பச்சையுமில்லாமல் ஒன்று வந்தது. "என்ன கலர்க்கா இது?" என்றான் தம்பி. "ஓசிக் கலர்" என்றாள். இரண்டு கை அடித்ததும் பார்க்கக் குளுமையாகத்தான் இருந்தது.

முன்னால் ஓட்டுகிற இருக்கை. அதன் முதுகுக்குப் பின்னால் கட்டிலின் தலைமாடு. கால்மாட்டில் பின்கதவு வரைக்கும் மூன்று தட்டு அலமாரி, முழுக்கப் பெயிண்ட் டப்பாவுக்கு. மேஸ்திரி அதில் குறியாக இருந்தான். வேலையிடத்தில் சரக்கு களவு போகிறதாம். எதிர்ப்பக்கம் ஓர் அடுப்பு, ஒரு திரை, திரைக்குப் பின்னால் மூடிபோட்ட வாளி. அந்த வாளியைத்தான் அவள் முதலில் வாங்கினாள்.

திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் மெத்தையைப் போட்டு முதல் தடவையாகப் படுத்தாள். தலை பலகையில் இடித்தது. கீழே நகர்ந்தாள். முழங்கால் மடங்கி அலமாரியில் முட்டியது.

"டேய், இந்தக் கட்டிலு எனக்கா, உன் பேத்திக்கா?"

"உனக்குத்தான். அளந்துதான் செஞ்சேன்."

"யாரை அளந்த?"

"உன்னையதான்."

"எப்போடா?"

தம்பி டேப்பை இழுப்பதும் விடுவதுமாக நின்றான். "அன்னிக்கு ஞாயித்துக்கிழம, சாப்பிட்டுட்டு இங்க தரையில படுத்துத் தூங்கினேல்ல. எழுப்ப மனசு வரல. தலையிலேருந்து பாதம் வரைக்கும் டேப்பைப் புடிச்சேன். நாலடிதான் வந்துச்சு. மேல ஒரு சாண் தாராளமா சேத்துப் போட்டேன்."

"தூங்குறவளை அளந்தியா! சவப்பொட்டிக்கு அளக்குற மாதிரி!" அடுத்த வசவு வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. "நான் எப்படிடா படுத்திருந்தேன்?"

"எப்பவும் போலத்தான். முழங்காலை மூஞ்சிகிட்ட வச்சு, சுருட்டிக்கிட்டு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். எப்பவும் போல என்றானே, அது எந்த எப்பவும்? புருஷன் குறுக்கே விழுந்து கிடந்த பாயின் ஓரமா? மகளுக்கு இடம் விட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டதா? பஸ் சீட்டா? யோசித்துப் பார்த்தாள். நீட்டிப் படுத்த ஒரு ராத்திரியும் ஞாபகத்துக்கு வரவில்லை.

தம்பி நல்ல மனசோடுதான் சொன்னான்: "விடுக்கா. சுருண்டுதானே தூங்குற. உனக்கு இது போதும்."

"போதும்னு நீ என்னடா சொல்றது? ஆ? ஆளாளுக்கு வந்து எனக்குப் போதும் போதும்னு சொல்லித்தான் இந்த லட்சணத்துல கெடக்கேன். அலமாரியப் பேத்து எடு."

"பேத்தா கூரைப் பலகையும் சேந்து வந்துரும்கா. திங்கக்கிழம கெளம்ப முடியாது. நடுத்தட்டு கட்டில் ஒசரத்துக்கு நேரா இருக்கு. அந்தப் பக்கப் பலகைய மட்டும் அறுத்து ஓட்டை போட்டா காலை உள்ள விடலாம். ஆனா நடுத்தட்டுல டப்பா வைக்க முடியாது. மேஸ்திரி கத்துவான்."

அவள் போனை எடுத்தாள். மேஸ்திரி கத்தத்தான் செய்தான், பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டது.

"என்னக்கா வெளையாடுறீங்க? சரக்க வேன்ல வைக்கலாம்னுதானே உங்களத் தனியாத் தங்கிக்கச் சொன்னேன். நடுத்தட்டு இல்லன்னா பாதி சரக்க நான் எங்க வைக்கிறது?"

"உன் தலையில வை."

"அக்கா, வேற ஆளைப் பாக்க வேண்டி வரும்."

ஒரு வருஷ வேலை. இந்த வயதில் இன்னொருத்தன் கூப்பிடுவானா? அவள் குரல் இறங்கியது, பிடி இறங்கவில்லை. "பாரு மேஸ்திரி. அந்தத் தட்டுல என் காலு வருது. உன் டப்பாவ இறக்கி வைக்கலாம், என் கால எங்க இறக்கி வைக்கிறது? கார்னர் வேலைய என்னைய விட சுத்தமா முடிக்கிறவ இருந்தா கூட்டிக்க."

அந்தப் பக்கம் சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒன்று. "இரும்புப் பொட்டி ஒண்ணு பாக்குறேன். காலு முக்கியம்தான். திங்கக்கிழம எட்டு மணிக்கு வந்துருங்க."

போனை மெத்தையில் போட்டாள். தம்பி ரம்பத்தை எடுத்தான்.

அறுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு கை அடித்துப் பளபளவென்று வைத்திருந்த பலகையில், பல் பல்லாக ஒரு சதுர ஓட்டை. வேறு நாளாக இருந்தால் அந்த விளிம்பைப் பார்த்து அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இப்போது ஏறிப் படுத்து ஓட்டைக்குள் காலை விட்டாள். குதிகால் போய், கணுக்கால் போய், முழங்கால் நிமிர்ந்தது. நிமிர்ந்த முழங்காலில் சுரீர் என்று ஒரு வலி தொடை வரைக்கும் ஏறியது. பல்லைக் கடித்தாள். காலை மடக்கவில்லை.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது. இத்தன வருஷம் மடக்கி வச்சத நீட்டினா கொஞ்சுமா?"

"வெட்டின எடம் வெறும் பலகையா நிக்குது. ஒரு கை அடிச்சுரட்டா?"

"முப்பது வருஷமா அடிச்சாச்சு. அது அப்படியே கெடக்கட்டும். கதவச் சாத்திட்டுப் போ."

அவன் சாத்தினான். உள்ளே அவள் கண்ணை மூடி, வலி இறங்கும் வரைக்கும் நீட்டிய காலோடு கிடந்தாள்.