கொம்பு ஊதிச் சேர்த்த ஓட்டு

இலங்கையில் நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் ஆசிரியையாக வந்த ஏழாம் மாதத்தில் நடந்தவை:

1. தோட்டப் பள்ளிக்கூடம் எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பதுளைக் கமிட்டியில், பெற்றோர் சார்பாக ஒருவருக்கு இடம் கொடுத்தார்கள்.
2. அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க எல்லோரையும் கூட்ட வேண்டியிருந்தது. கொம்பு ஊதலாம் என்று யோசனை சொன்னவள் நான்.
3. எல்லோரும் வந்தார்கள்.
4. யாருமே நினைக்காத ஆள் ஜெயித்தார்.

திருச்சிப் பயிற்சிப் பள்ளியில் எதையும் எண் போட்டு எழுதப் பழக்கினார்கள். கொம்பைப் பற்றி அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் தெருவில் கொம்புச் சத்தம் கேட்டால் சாமி வருகிறது, அல்லது பிணம் போகிறது. இங்கே முதல் நாள் விடியுமுன் அது கேட்டபோது, யாரோ பாவம் என்று எழுந்து உட்கார்ந்தேன். அது பெரட்டுக்கு அழைப்பு. லயக் குடியிருப்புகளிலிருந்து ஆட்கள் வந்து அவரவர் கங்காணிக்குப் பின்னால் வரிசையாக நிற்பார்கள், பேர் கூப்பிட்டதும் மலைக்குப் போவார்கள்.

கமிட்டி, பள்ளியைப் பகல் பன்னிரண்டு மணிக்கு வைத்திருந்தது. காலையில் கொழுந்து பறிக்கும் வேலை கெடாது என்பதால் கங்காணிகளுக்கு அது வசதி. ஆனால் பன்னிரண்டு மணி கொழுந்து நிறுக்கும் நேரம். தன் கூடையோடு வரிசையில் நிற்கும் பத்து வயது லெட்சுமி, பள்ளிக்கு வரும்போது நான் பாடம் முடித்துக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். காலை ஏழு மணி என்று மாற்றக் கேட்க வேண்டும், அதற்கு லெட்சுமியின் தாய் முத்தம்மாவை அனுப்ப வேண்டும் என்று பெண்கள் பேசி வைத்திருந்தார்கள்.

ஓட்டு எடுக்க யாழ்ப்பாணத்துப் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். கொம்பு ஊதினார்கள். கால்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அத்தனை பேரும் இரண்டு கங்காணிகளுக்குப் பின்னால் போய் நின்று, பேர் கூப்பிடக் காத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு வரிசையையும் எண்ணி, நீளமான வரிசையின் தலையில் நின்ற வீரமுத்துக் கங்காணியின் பெயரை எழுதிக்கொண்டார். அந்த வரிசையில் ஆறாவதாக நின்றவள் முத்தம்மா.

"ஐயா, இது ஓட்டு இல்லை," என்றேன்.

"இப்பிடி ஒழுங்கான சனத்தை நான் ஒரு இடத்திலயும் காணேல்லை, டீச்சர்," என்று என்னைப் பாராட்டிவிட்டுக் குதிரையில் ஏறினார்.

சாயங்காலம் முத்தம்மா கங்காணியை மறித்தாள். "நாங்க நின்னது பெரட்டுக்குங்க, ஒங்களுக்கு இல்ல."

"எனக்கு மட்டும் தெரியுமா, புள்ள? நானும் பேர் கூப்பிடத்தான் நின்னேன்."

கமிட்டிக்கு ஒருமுறை போய் வந்ததிலேயே அவருக்குப் போதும் என்றாகிவிட்டது. "என்ன கேட்டாலும் சரிங்கன்னேன். அதுக்குள்ள இங்க என் ஆளுக பாதி மலைக் கொழுந்தை எடுக்காம விட்டுட்டாக. எனக்கு வேணாம் டீச்சரம்மா," என்று விலகல் கடிதத்தை என்னிடமே எழுதி வாங்கினார்.

இரண்டாம் ஓட்டைக் கோயில் வாசலில் வைக்கச் சொன்னேன். கொம்பு கிடையாது. பெண்கள் திருச்சிச் சந்தைபோல ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் முகம் சுளித்தார். முத்தம்மாவின் பெயரைச் சொன்னதும் கைகள் எழுந்தன. என் கையும் எழுந்தது.

"நீங்கள் தாய் இல்லைத்தானே, கையை இறக்குங்கோ," என்றார்.

இறக்கினேன். திருச்சியில் நான் இருந்தவரை, பள்ளி விஷயத்தில் எந்தப் பெண்ணின் கையையும் யாரும் எண்ணியதில்லை. இங்கே எண்ணுகிறார்கள், என்னுடையதைத் தவிர. ஆனாலும் விடியுமுன் கொம்பு ஊதினால், எந்த வரிசையிலும் பேர் இல்லாத நானும் இப்போது எழுந்து வாசலில் நிற்கிறேன்.

இன்றைய நிலை: பள்ளி இன்னும் பகல் பன்னிரண்டுக்குத்தான். கமிட்டி வருகிற புதன்கிழமை கூடுகிறது. பெற்றோர் சார்பாகத் தேர்வான முத்தம்மாவுக்கு அன்று மலையிலிருந்து விடுப்புக் கேட்டிருக்கிறோம். தோட்டத்துத் தொரை இன்னும் பதில் சொல்லவில்லை.